எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே, ஸ்கேன் டெக்னாலஜிஸ்ட் படிப்பு: சேர்க்கையிலிருந்து வேலை வரை

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால், பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிற கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்து பஸ் ஸ்டாப்புகளில் நோட்டீஸ் ஒட்டும் சீசன் தொடங்கிவிடும். 'ஆறே மாதத்தில் எக்ஸ்ரே டெக்னீஷியன், வேலை உறுதி' என்று ஒன்று. 'வீட்டிலிருந்தே பாராமெடிக்கல் டிகிரி' என்று இன்னொன்று. நர்ஸிங் சீட் கிடைக்காத பிள்ளையும் நீட் எழுதிச் சலித்த பிள்ளையும் அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ரூமில் வேலை பார்க்கிற ஆள் என்பதால் அந்த விசாரணையில் பாதி என் வீட்டு வாசலுக்கும் வரும். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எக்ஸ்ரே படிப்பு நல்ல படிப்பு. ஒழுங்காகப் படித்தவனுக்கு வேலை இருக்கிறது. ஆனால் எல்லையில் இருக்கிற நமக்கு ஒரு கூடுதல் தொல்லை உண்டு. நம் ஊரிலிருந்து பாலக்காடு ஒரு பஸ், கோயம்புத்தூர் ஒரு பஸ். எந்தப் பக்கம் படித்தாலும் சரிதான் என்று தோன்றும். பாடம் என்று பார்த்தால் அது உண்மை. சேர்க்கை, இட ஒதுக்கீடு, பதிவு, அரசு வேலை என்று வரும்போது இரண்டு மாநிலமும் இரண்டு தனி உலகம்.

என்ன செய்வோம், என்ன செய்யக் கூடாது

எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே, ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் என்கிற நகரும் எக்ஸ்ரே மெஷின், இதய ரத்தக்குழாய்களைப் பார்க்கிற கேத் லேப் இவற்றில் எல்லாம் படம் எடுப்பது டெக்னாலஜிஸ்ட். டாக்டர் கேட்ட படத்தை, நோயாளியைச் சரியாகப் படுக்க வைத்து அல்லது நிற்க வைத்து, எவ்வளவு குறைந்த கதிரில் முடியுமோ அவ்வளவில் எடுத்துத் தருவது வேலை. ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட் டாக்டர். எலும்பு உடைந்திருப்பது உங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். கூட வந்த பைஸ்டாண்டர் "என்ன சார், உடைஞ்சிருக்கா?" என்று கேட்பார். டாக்டர் சொல்லுவார் என்பதோடு நிறுத்த வேண்டும். கேஷுவல்டி டாக்டரிடம் மட்டும் உடனே போய்ச் சொல்லுங்கள், அது உங்கள் கடமை.

இன்னொன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். வெளிநாடுகளில் சோனோகிராஃபர் என்று தனியாக ஒரு வேலை இருப்பதைப் பார்த்து, அல்ட்ரா சவுண்ட் நாமும் செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் செய்வது 1994-ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்துக்குள் வருகிறது. அதற்கென்று தகுதி பெற்ற டாக்டர்தான் செய்யலாம். முதல் குற்றத்துக்கே மூன்று வருடம் வரை சிறை உண்டு, அங்கே வேலை பார்க்கிற ஊழியரையும் அந்தச் சட்டம் பிடிக்கும். "டாக்டர் வர லேட்டாகும், நீயே புரோபை வை" என்று ஒரு சென்டரில் சொன்னால் அந்த வேலையை விட்டுவிடுவது நல்லது.

வேலை எந்தப் பக்கம் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

எல்லோரும் முதலில் காலேஜைப் பார்க்கிறார்கள், அப்புறம் ஃபீஸைப் பார்க்கிறார்கள், வேலையைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். நம் ஊருக்கு இது தலைகீழாக நடக்க வேண்டும்.

கேரள அரசு வேலை, அதாவது பி.எஸ்.சி. என்கிற கேரளப் பொதுப்பணித் தேர்வாணையம் மூலம் ரேடியோகிராஃபர் (நம் வேலைக்கு இன்னொரு பெயர்) ஆவதுதான் ஆசை என்றால், கேரளத்திலேயே படித்து அங்கேயே பதிவு செய்வதுதான் சிக்கலில்லாத வழி. பி.எஸ்.சி. அறிவிப்புகளில் எந்தப் படிப்பு, யார் நடத்தியது, எந்தக் கவுன்சிலில் பதிவு என்று வரி வரியாகக் கேட்டிருக்கும். தமிழ்நாட்டு டிப்ளமாவை வைத்துக்கொண்டு 'இது அதற்குச் சமம்' என்று நிரூபிக்கப் புறப்பட்டால் அலைச்சல்தான். தமிழ்நாட்டு அரசு வேலை என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், நம்மவர்கள் சொல்கிற எம்.ஆர்.பி. அங்கே தமிழ்த் தகுதித் தாள் உண்டு. பத்தாவது வரை தமிழ் படித்த சித்தூர் தாலூக்காப் பிள்ளைகளுக்கு அது பயப்பட வேண்டிய விஷயமில்லை. மலையாளம் மீடியத்தில் படித்து வீட்டில் மட்டும் தமிழ் பேசுகிறவர்கள் எழுத்துத் தமிழை முன்கூட்டியே பழக வேண்டும்.

ரயில்வே, இ.எஸ்.ஐ., எய்ம்ஸ் போன்ற மத்திய அரசு வேலைகளுக்கு எந்த மாநிலத்துப் படிப்பும், அங்கீகாரம் இருந்தால் போதும். தனியார் ஆஸ்பத்திரிக்கும் அப்படித்தான். கோயம்புத்தூரில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிகளில் பாலக்காட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். மலையாளமும் தமிழும் சரளமாகப் பேசுகிற டெக்னாலஜிஸ்ட்டுக்கு அங்கே தனி மதிப்பு இருக்கிறது, ஏனென்றால் வருகிற நோயாளிகளில் நல்ல பங்கு வாளையாறு தாண்டி வருகிறவர்கள்.

விண்ணப்பம்

கேரளத்தில் இரண்டு வழி. டிப்ளமா என்றால் டி.ஆர்.டி. (டிப்ளமா இன் ரேடியாலஜிக்கல் டெக்னாலஜி), டிகிரி என்றால் பி.எஸ்சி. எம்.ஆர்.டி. (மெடிக்கல் ரேடியாலஜிக்கல் டெக்னாலஜி). இரண்டுக்கும் சேர்க்கையை நடத்துவது திருவனந்தபுரத்தில் உள்ள எல்.பி.எஸ். சென்டர். டிகிரி தருவது 2010-இல் திருச்சூரில் தொடங்கிய கேரள சுகாதாரப் பல்கலைக்கழகம்.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. ரேடியோகிராஃபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி, சென்னை டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கு வருடம். அரசு மருத்துவக் கல்லூரிகளில் இரண்டு வருட டிப்ளமாவும் இருக்கிறது. பழைய ஆட்கள் இதே வேலைக்கான படிப்பை சி.ஆர்.ஏ. (சர்டிஃபைட் ரேடியாலஜிக்கல் அசிஸ்டன்ட்) என்பார்கள், சீனியர்கள் பேசும்போது அந்தப் பெயரைக் கேட்டால் குழம்ப வேண்டாம். அரசு இடங்களுக்கு சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கவுன்சலிங் நடத்துகிறது.

இரண்டு பக்கமும் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். கணக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவர்களுக்கு இது கஷ்டம். இரண்டு மாநிலமுமே பிளஸ் டூ மார்க்கைப் பார்த்துத்தான் இடம் கொடுத்து வந்திருக்கின்றன. வயது, குறைந்தபட்ச மார்க், கடைசித் தேதி எல்லாம் அந்தந்த வருடக் கையேட்டில் மாறும். அண்ணன் சேர்ந்த வருடத்துக் கணக்கை வைத்துக்கொண்டு அப்ளிகேஷன் போடாதீர்கள்.

சான்றிதழ் விஷயம்தான் எல்லைக்காரர்களை அதிகம் படுத்துவது. கேரளத்தில் அக்ஷயா என்கிற இ-சேவை சென்டர் வழியாக வில்லேஜ் ஆபீஸுக்கு விண்ணப்பித்து நேட்டிவிட்டி, அதாவது இந்த மாநிலத்துக்காரர் என்ற சான்று, வாங்குவீர்கள். அது கேரளச் சேர்க்கைக்குத்தான். தமிழ்நாட்டு கவுன்சலிங்குக்கு அந்த மாநிலத்து இருப்பிடச் சான்று, அங்கே படித்த வருடங்கள் என்று தனிக் கணக்கு. சாதிச் சான்றிதழும் அப்படியே. ஒரு மாநிலத்தின் சாதிச் சான்றை வைத்து இன்னொரு மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. பொள்ளாச்சியில் பிற்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கிற சாதி, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் வேறு பட்டியலில் இருக்கலாம், பட்டியலிலேயே இல்லாமலும் போகலாம். கேரளத்தில் ஓ.பி.சி. என்றால் கிரீமி லேயர் இல்லை என்ற சான்றும் வேண்டும். தமிழ்நாட்டு மாநில ஒதுக்கீட்டில் அந்தக் கேள்வியே கிடையாது. ஏப்ரல், மே மாதத்திலேயே இதையெல்லாம் வாங்கி வையுங்கள். ஜூன் மாதத்தில் வில்லேஜ் ஆபீஸ் வரிசையில் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அம்மா ஊர் பொள்ளாச்சி, ரேஷன் கார்டு சித்தூர், பத்தாவது வரை கொழிஞ்சாம்பாறை, பிளஸ் டூ கோயம்புத்தூர் ஹாஸ்டல் என்று கலந்து கிடப்பவர்கள் நிறைய. இவர்கள் இரண்டு மாநிலக் கையேட்டிலும் இருப்பிடம் பற்றிய பகுதியை மட்டுமாவது முழுதாகப் படிக்க வேண்டும். ஏஜென்டிடம் கேட்காதீர்கள்.

பணம் கட்டுவதற்கு முன்

ஆறு மாத கோர்ஸைப் பற்றி நேராகச் சொல்கிறேன்: சேராதீர்கள். 2021-இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தில் நம் தொழிலும் பட்டியலில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி இந்த வகைத் தொழிலுக்கு டிப்ளமாவோ டிகிரியோ குறைந்தது 2,000 மணி நேரம், 2 முதல் 4 வருடத்துக்குள் பரவியிருக்க வேண்டும். ஆறு மாதத்தில் 2,000 மணி நேரத்தை யாராலும் நடத்த முடியாது. தொலைதூரக் கல்வியும் வேண்டாம். இந்தச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைதூர வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று 2025-இல் யு.ஜி.சி.யே சொல்லிவிட்டது.

காலேஜில் கேட்க வேண்டியவை சில. எந்தப் பல்கலைக்கழகம் அல்லது எந்த அரசு இயக்ககம் தேர்வு நடத்துகிறது? அந்த அங்கீகாரக் கடிதம் இந்த வருடத்துக்கும் செல்லுமா? எத்தனை இடத்துக்கு அனுமதி? வாயால் சொன்னால் போதாது, பல்கலைக்கழக இணையதளத்தில் காலேஜ் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள்.

இதைவிட முக்கியமாக நான் கேட்கச் சொல்வது ஒன்று உண்டு: பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில்? அங்கே ஒரு நாளைக்கு எத்தனை எக்ஸ்ரே எடுக்கிறார்கள்? இந்தத் தொழிலைக் கை வழியாகத்தான் கற்க முடியும். கண்ணாடிக் கட்டடமும் ஏ.சி. வகுப்பும் இருக்கும், எக்ஸ்ரே ரூமில் மதியத்துக்குள் நாலு பேர்தான் வருவார்கள். அங்கே நான்கு வருடம் படித்து டிகிரி வாங்கியவனைவிட, கூட்டம் நெரிகிற அரசு மருத்துவக் கல்லூரியில் இரண்டு வருட டிப்ளமா முடித்தவன் முதல் நாளே தனியாக நைட் டூட்டி பார்ப்பான். இரண்டும் சேர்ந்து கிடைத்தால், அதாவது நோயாளி நிறைய வருகிற இடத்தில் டிகிரி கிடைத்தால், யோசிக்காமல் டிகிரியை எடுங்கள். வெளிநாட்டுக்கும் மேல்படிப்புக்கும் டிகிரிதான் கதவைத் திறக்கும். வீட்டில் கடன் வாங்கித்தான் டிகிரி என்றால், அரசு டிப்ளமாவில் சேர்ந்து சம்பாதிக்கத் தொடங்குவதில் ஒரு குறைவும் இல்லை.

காலேஜைப் பார்க்கப் போகிற அன்று எக்ஸ்ரே ரூம் வாசலையும் ஒரு நோட்டம் விடுங்கள். மூன்று இதழ் கதிர்வீச்சுச் சின்னம், சிவப்பு விளக்கு, கர்ப்பமாக இருந்தால் முன்பே சொல்லுங்கள் என்ற பலகை, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதிச் சான்று எல்லாம் இருக்க வேண்டும். ஈய ஏப்ரன் மடித்து மூலையில் கிடந்தால் அந்த டிபார்ட்மென்ட் எப்படி நடக்கிறது என்று புரிந்துவிடும். மடித்தால் உள்ளே ஈயத் தகடு விரிசல் விடும், கம்பியில் தொங்கவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

படிக்கிற வருடங்கள்

முதல் வருடம் உடற்கூறு, உடலியங்கியல், இயற்பியல். பலர் இயற்பியலில்தான் தடுமாறுவார்கள். கிலோவோல்ட்டைக் கூட்டினால் கதிர் ஆழமாக ஊடுருவும், மில்லி ஆம்பியர் செகண்டைக் கூட்டினால் கதிரின் அளவு கூடும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மண்டையில் ஏறிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. இன்னொன்று தூரம். கதிர் வரும் இடத்திலிருந்து இரண்டு மடங்கு தள்ளி நின்றால் உங்கள் மேல் விழுவது நான்கில் ஒரு பங்கு. வார்டுக்கே மெஷினைத் தள்ளிக்கொண்டு போய்ப் போர்ட்டபிள் எக்ஸ்ரே எடுக்கும்போது இந்தக் கணக்குதான் உங்களைக் காப்பாற்றும்.

அப்புறம் பொசிஷனிங். நெஞ்சு எக்ஸ்ரே எளிது என்று நினைப்பார்கள். ஆனால் அதைத்தான் அதிகம் கெடுக்கிறார்கள். ஆறடித் தூரம், மார்பு பிளேட்டில் ஒட்டி, தோள்கள் முன்னே உருண்டு, மோவாய் மேலே. முதுகுப் பக்கமிருந்து கதிரை விடுவதே இதயம் உண்மை அளவைவிடப் பெரிதாகத் தெரியாமல் இருக்கத்தான். மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்த நிலையில் எடுக்க வேண்டும். பாதி மூச்சில் எடுத்த படத்தில் நல்ல நுரையீரலும் நோய் பிடித்ததுபோல் தெரியும். வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கத்து வயசான பாட்டியிடம் மலையாளத்தில் "ஸ்வாஸம் வலிச்சு பிடிச்சோ" என்று சொன்னால் சிரித்துவிட்டு மூச்சை விட்டுவிடுவார். "மூச்ச நல்லா இழுத்து அப்படியே புடிச்சுக்கோங்க ஆத்தா" என்று சொல்லி, ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிட்டு எடுங்கள். ஒத்திகைக்கு ஆகிற பத்து விநாடி, திரும்ப எடுப்பதை மிச்சப்படுத்தும்.

எலும்பு முறிவுக்கு எப்போதும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு படம், மேல் மூட்டும் கீழ் மூட்டும் தெரிய வேண்டும். நம் பக்கத்தில் தென்னையிலிருந்து விழுகிறவர்கள் அதிகம். உயரத்திலிருந்து காலூன்றி விழுந்தவருக்குக் குதிகால் உடைந்திருந்தால் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியையும் டாக்டர் கேட்பார், ஏனென்றால் இரண்டும் சேர்ந்து வருவது உண்டு. அதனால் அப்படி வந்தவரை முதலிலேயே உட்கார வைக்காதீர்கள், ஸ்ட்ரெச்சரிலிருந்து ஆள் பிடித்து ஒரே மட்டமாக மாற்றுங்கள். நெடுஞ்சாலை விபத்தில் கழுத்துப் பட்டையோடு வருகிறவர்களுக்கு, டாக்டர் சொல்லாமல் பட்டையைக் கழற்றக் கூடாது. இடது, வலது மார்க்கர் வைக்க மறந்து, பிறகு கம்ப்யூட்டரில் எழுத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்ற பழக்கத்தை முதல் மாதத்திலேயே ஒழித்துவிடுங்கள்.

இப்போது டார்க் ரூம் எல்லாம் போய், எங்கும் சி.ஆர்., டி.ஆர். என்கிற டிஜிட்டல் முறைகள் வந்துவிட்டன. அந்தக் காலத்தில் கதிர் அதிகமானால் ஃபிலிம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டலில் அப்படி இல்லை. எவ்வளவு அதிகமாகக் கொடுத்தாலும் படம் அழகாகத்தான் வரும். குறைவாகக் கொடுத்தால் புள்ளி புள்ளியாக வரும், டாக்டர் திட்டுவார். அதனால் கை தானாக மேலே மேலே போகும். இதை யாரும் வந்து பிடிக்க மாட்டார்கள். எவ்வளவு கதிர் பிளேட்டுக்கு வந்தது என்று திரையில் காட்டும் எக்ஸ்போஷர் இன்டெக்ஸ் எண்ணைப் பார்க்கிற பழக்கம் இருந்தால்தான் தெரியும். நல்ல டெக்னாலஜிஸ்ட்டை நான் இதை வைத்துத்தான் எடை போடுவேன்.

எம்.ஆர்.ஐ. ரூமில் கதிர்வீச்சு கிடையாது, அதனால் பயமில்லை என்று புதியவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அங்கேதான் அதிக எச்சரிக்கை வேண்டும். காந்தம் இரவு பகல் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும், ஸ்கேன் ஓடாதபோதும். 2018 ஜனவரியில் மும்பை ஆஸ்பத்திரி ஒன்றில், ஆக்ஸிஜன் சிலிண்டரோடு உள்ளே போன இளைஞர் காந்தம் இழுத்து இறந்துபோனார். அவர் நோயாளிகூட இல்லை, கூட வந்த உறவினர். கதவைக் காப்பது உங்கள் வேலை. டாக்டரே ஸ்டெதஸ்கோப்போடு வந்தாலும் நிறுத்துங்கள்.

கதிர்வீச்சு பயமும் பேட்ஜும்

பெண் பிள்ளைகள் இந்தப் படிப்பைக் கேட்டால் வீட்டில் வருகிற முதல் பேச்சு: "அந்த வேலைக்குப் போனா நாளைக்குக் குழந்தை குட்டிக்கு ஆகாது." பெண் பார்க்க வந்தவர்கள் இதையே கேட்ட வீடுகள் உண்டு. பதிலை எண்ணிலேயே சொல்லலாம். இந்தியாவில் கதிர்வீச்சு வேலை செய்பவருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் எல்லை, ஐந்து வருடச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிரை அளக்கும் அலகு), எந்த ஒரு வருடமும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஒழுங்காக நடக்கும் எக்ஸ்ரே, சி.டி. அறையில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வேலை செய்பவருக்கு இதில் ஒரு சிறு பகுதிதான் வரும். கர்ப்பம் தெரிந்ததும் மேலதிகாரியிடம் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு மீதி மாதங்கள் முழுவதற்கும் 1 மில்லிசீவர்ட்தான் எல்லை. பொதுமக்களுக்கு ஒரு வருடத்துக்கு வைத்திருக்கும் அளவும் அதுவே. கேத் லேப், சி-ஆர்ம் போன்ற இடங்களிலிருந்து அந்தக் காலத்தில் மாற்றல் கேட்கலாம்.

இந்த அளவை எண்ணிச் சொல்வதுதான் டி.எல்.டி. பேட்ஜ். மார்பு மட்டத்தில், ஏப்ரனுக்கு உள்ளே குத்திக்கொள்ள வேண்டும். பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி, பழையதை லேபுக்கு அனுப்புவார்கள். கழற்றி எக்ஸ்ரே ரூமுக்குள்ளேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், அது உங்கள் பெயரில் கதிரைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். உங்களுக்கே ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டி வந்தால் அப்போது பேட்ஜைக் கழற்றிவிட வேண்டும், வேலைக் கணக்கில் அது சேரக் கூடாது. நண்பனின் பேட்ஜைப் போட்டுக்கொள்வது, அலமாரியில் பூட்டி வைத்து 'பூஜ்யம்' என்று ரிப்போர்ட் வாங்குவது இரண்டும் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது. வேலை மாறினாலும் உங்கள் டோஸ் கணக்கு தேசியப் பதிவேட்டில் தொடரும், அதனால் பழைய இடத்தில் இருந்த உங்கள் பேட்ஜ் எண்ணைக் குறித்து வைத்துப் புது இடத்தில் கொடுங்கள்.

குழந்தையை அசையாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றால் அப்பாவுக்கு ஏப்ரன் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் நீங்களே பிடித்துக்கொண்டிருந்தால் வருடக் கடைசியில் அந்த எண் வேறு மாதிரி இருக்கும்.

பதிவும் லைசென்ஸும்

இங்கே எல்லோருக்கும் ஒரு குழப்பம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-இல் அமைந்தது, தலைமையகம் மும்பை. அதன் அனுமதி மெஷினுக்கும் அதை வைத்திருக்கும் நிறுவனத்துக்கும்தான். நிறுவனங்கள் இ-லோரா என்ற இணையவழியில் விண்ணப்பித்து வாங்கும், தகுதியுள்ள ஆள் வேலைக்கு இருக்கிறார் என்று காட்டவும் வேண்டும். உங்கள் சான்றிதழ் நகலைக் கேட்பது அதற்காக. ஆக, வாரியத்திலிருந்து உங்கள் கைக்கு ஒரு லைசென்ஸ் புத்தகம் வரப் போவதில்லை. வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிறவனை நம்பாதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது மாநிலக் கவுன்சில் பதிவு. கேரளத்தில் பாராமெடிக்கல் கவுன்சில் பதிவு நெடுநாளாக நடைமுறையில் இருக்கிறது, பி.எஸ்.சி.யும் தனியார் ஆஸ்பத்திரிகளும் கேட்கும். 2021 சட்டம் ஒவ்வொரு மாநிலமும் புதிய கவுன்சில் ஒன்றை அமைத்துப் பதிவேடு வைக்கச் சொல்கிறது. இந்த மாற்றம் நடக்கிற காலத்தில் படித்து முடிப்பவர்கள் தள்ளிப்போடாமல் கோர்ஸ் முடிந்த கையோடு பதிந்துவிடுங்கள். கோயம்புத்தூரில் படித்துவிட்டுப் பாலக்காட்டில் வேலை என்றால், சேரும் முன்பே கேரளக் கவுன்சிலில் உங்கள் படிப்பை ஏற்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படிப்பை முடித்துவிட்டுக் கேட்டால் பதில் எதுவாக இருந்தாலும் நீங்கள் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

வேலைக்குப் போகும்போது

தனியார் ஸ்கேன் சென்டரில் தொடக்கச் சம்பளம் குறைவு. மறைத்துப் பயனில்லை. ரயில்வேயில் ரேடியோகிராஃபர் பதவி லெவல் 5, ஏழாவது ஊதியக் குழுவின்படி அடிப்படைச் சம்பளமே 29,200 ரூபாய், அதற்கு மேல் படிகள். அதில் பாதியைக்கூடத் தராத சென்டர்கள் நம் பக்கத்தில் இருக்கின்றன. ரயில்வே தேர்வைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதலாம். பாலக்காடு ஒலவக்கோட்டில் கோட்ட ரயில்வே ஆஸ்பத்திரியே இருக்கிறது, இருந்தும் நம்மவர்கள் இந்தத் தேர்வை எழுதுவது குறைவு. இயற்பியல், வேதியியலோடு பிளஸ் டூவும் இரண்டு வருட டிப்ளமாவும் இருந்தால் போதும். கேரள பி.எஸ்.சி.க்கு துளசி தளத்தில் ஒருமுறைப் பதிவு செய்துவிட்டு, அறிவிப்பு வரும்போதெல்லாம் விண்ணப்பித்துக்கொண்டே இருங்கள்.

முதல் வேலையைச் சம்பளத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பேன். கேஷுவல்டி இருக்கிற, சி.டி. இருக்கிற ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம். அங்கே சி.டி.யில் கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து) போடுவதற்கு முன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று தெரிய கிரியாட்டினின் பார்ப்பது, அலர்ஜி கேட்பது, ஊசி போட்ட இடம் வீங்கினால் என்ன செய்வது என்பதெல்லாம் கையோடு வரும். பிறகு எம்.ஆர்.ஐ. பக்கம் நகரலாம், சம்பளம் அங்கே கூடும். புற்றுநோய் சிகிச்சைப் பக்கம் போக ஆசை என்றால் ரேடியோதெரபி டெக்னாலஜி தனிப் படிப்பு, எக்ஸ்ரே படித்துவிட்டு அப்படியே லினாக் என்கிற கதிர் சிகிச்சை மெஷினில் நிற்க முடியாது. அனுபவம் கூடியவர்கள் தங்கள் டிபார்ட்மென்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக வாரியத்தின் ஒப்புதல் பெறலாம், அது கொஞ்சம் பொறுப்பும் மரியாதையும் உள்ள இடம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் மேம்பட்ட இமேஜிங்குக்கு டிப்ளமா நடத்துகிறார்கள். நரம்பு, இதயம் சம்பந்தப்பட்ட இமேஜிங்கில் ஆர்வம் இருப்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

நைட் டூட்டி உண்டு, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. சின்ன சென்டர்களில் எக்ஸ்ரே எடுப்பவரே பில் போட்டு, ரிப்போர்ட் டைப் செய்து, பெருக்கவும் சொல்வார்கள். முதல் ஆறு மாதம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அனுபவச் சான்றில் 'ரேடியோகிராஃபர்' என்று சரியாகப் போட்டு, சேர்ந்த தேதி விட்ட தேதியோடு, லெட்டர்ஹெட்டில் கையெழுத்து வாங்காமல் எந்த இடத்தையும் விட்டு வராதீர்கள்.

வெளிநாடு

வளைகுடாதான் நம் பக்கத்துக்கு முதல் ஆசை. துபாய், அபுதாபி, சவூதி ஒவ்வொன்றுக்கும் தனி உரிம அமைப்பு, கணினித் தேர்வு, அதற்கு முன் டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பு. நீங்கள் படித்த காலேஜுக்கும் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கும் அவர்களே எழுதிக் கேட்பார்கள். அங்கீகாரமில்லாத கோர்ஸும் சம்பளமே போடாமல் கொடுத்த அனுபவக் கடிதமும் இந்த இடத்தில்தான் மாட்டும்.

இங்கிலாந்தில் ஹெச்.சி.பி.சி. என்கிற சுகாதாரத் தொழில் கவுன்சிலின் பதிவு இல்லாமல் ரேடியோகிராஃபர் என்று பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளவே சட்டப்படி முடியாது. டிகிரிப் பாடத்திட்டத்தை வரிக்கு வரி கேட்பார்கள், ஆங்கிலத் தேர்வில் ஐ.இ.எல்.டி.எஸ். மொத்தம் 7, எந்தப் பகுதியிலும் 6.5-க்குக் குறையாமல் வேண்டும். அமெரிக்கா கடினம். அங்கே இந்தத் தொழிலுக்குச் சான்று தரும் அமைப்பான ஏ.ஆர்.ஆர்.டி.யின் சான்றுக்கு அவர்கள் ஏற்றுக்கொண்ட கல்வித் திட்டத்தில் படித்திருக்க வேண்டும், அதனால் பெரும்பாலோர் அங்கே போய் மறுபடி படிக்கிறார்கள்.

எந்த நாடாக இருந்தாலும் காலேஜை விட்டு வரும்போதே பாடத்திட்ட நகல், ஒவ்வொரு பிரிவிலும் செய்த பயிற்சி மணி நேரம் எழுதிய கடிதம், மார்க் ஷீட்டுகள், பயிற்சிக் காலச் சான்று எல்லாவற்றிலும் முத்திரை வாங்கி ஃபைலில் போட்டு வையுங்கள். பல வருடம் கழித்துக் கேட்டால் அன்றைக்கு இருந்த பிரின்சிபால் இருக்க மாட்டார், சில சமயம் அந்தக் காலேஜே இருக்காது. எல்லாச் சான்றிதழிலும் உங்கள் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். கேரள எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஒரு மாதிரியும் தமிழ்நாட்டு மார்க் ஷீட்டில் இன்னொரு மாதிரியும் இருந்தால், பாஸ்போர்ட் எடுப்பதற்கு முன்பே திருத்திவிடுங்கள்.